கடிகார வித்தியாசம்: பூஜ்யம்

மார்ச் 4

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்கு அடையாளம் தெரியும் என்று நினைக்கிறேன். உங்கள் வழக்கில் பதினோராவது சாட்சி நான். தடய ஆய்வகத்தில், கணினிப் பிரிவில் பரிசோதகர். ஆஸ்பத்திரிப் பதிவு அறையில் நீங்கள் வேலை பார்த்த கணினியைக் கைப்பற்றியதும், அதற்குள் இருந்ததைப் படித்து அறிக்கை எழுதியதும், மருந்தின் அளவு பிற்பகல் 1.38க்கு உங்கள் பெயரில் திருத்தப்பட்டிருக்கிறது என்று நீதிமன்றத்தில் சொன்னதும் நான்தான்.

பழைய கோப்புகளைச் சரிபார்க்கும் வேலை எங்கள் ஆய்வகத்தில் வழக்கம்போல் நடக்கிறது. அது தொடர்பாக ஒரே ஒரு கேள்வி. அந்தக் கணினித் திரையின் ஓரத்தில் தெரியும் மணி, பதிவு அறைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகுமா? நினைவிருப்பதை இரண்டு வரியில் எழுதினால் போதும். எழுத விருப்பம் இல்லையென்றாலும் பரவாயில்லை.

இந்தக் கடிதம் அலுவலக முத்திரை இல்லாமல் என் வீட்டு முகவரியிலிருந்து வருவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
பரிசோதகர்


மார்ச் 17

மேடம்,

பதினோராவது சாட்சியை மறப்பேனா? மற்ற பத்துப் பேர் பேசும்போது ஜட்ஜ் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் பேச ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

உங்கள் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுக் கொடுத்த வார்டன் அம்மா, "417, யாரு இது, சொந்தமா?" என்றார். "இல்லம்மா, என்னை உள்ள போட்டவங்க" என்றேன். "உள்ள போட்டவங்க லெட்டர் போட்டு இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்று சிரித்தார். நானும்தான்.

இங்கே மாதத்துக்கு நாலு தாள் தருவார்கள். நாலும் என் மகளுக்குப் போகும். பதினோரு வயது, என் தம்பி வீட்டில் வளர்கிறாள். இந்த மாதம் அவளுக்கு மூன்று, உங்களுக்கு ஒன்று. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒத்துப்போகாது. ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அந்த மெஷினுக்குள் பொட்டு அளவில் ஒரு பேட்டரி இருக்கிறதாம். கரண்ட் போனாலும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதானாம். அது செத்து வருஷக்கணக்கு ஆகிறது. கரண்ட் போனால் கடிகாரமும் நின்றுவிடும், வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். திங்கட்கிழமை தோறும் நான் திருத்தி வைப்பேன். வியாழன் வருவதற்குள் முக்கால் மணியோ ஒரு மணியோ பின்னால் நிற்கும். பேட்டரி மாற்றச் சொல்லி நாங்கள் எழுதிக் கொடுத்த கடிதங்களை அடுக்கினால் அதன் மேல் ஏறி நின்று ஒட்டடை அடிக்கலாம். கடைசியில் எங்களுக்கே அது விளையாட்டாகிவிட்டது. "மெஷின்படி பார்த்தா எனக்கு இன்னும் பசிக்கவே ஆரம்பிக்கலை" என்போம்.

மருந்து அதிகமாகி அந்தப் பெண் செத்தது ஒரு வியாழக்கிழமை.

இதை ஏன் கோர்ட்டில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். யாரும் கேட்கவில்லை. இலவச வக்கீல் என்னை இரண்டு தடவை பார்த்தார். இரண்டாம் தடவை வேறு யாருடைய பெயரையோ சொல்லி என்னைக் கூப்பிட்டார். அப்புறம், நீங்கள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு "கடிகாரம் சரியாக இருந்தது" என்று சொன்னபோது, திரையில்தான் தப்பாகக் காட்டுகிறது, உள்ளே எங்கேயோ சரியான மணி ஓடிக்கொண்டிருக்கும், படித்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

பார்த்தீர்கள்தானே?

417


மார்ச் 26

அன்புள்ள அக்கா,

இதோடு இருபது வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். உங்களிடம் கொடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

வழக்கமான சரிபார்ப்பு என்று எழுதியது பொய். அப்படி எதுவும் நடக்கவில்லை.

எங்கள் வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. கூண்டில் நின்று அதை ஒப்பித்தேன், நீங்களும் கேட்டீர்கள். கணினியைத் தொடுவதற்கு முன் இருக்கிற நிலையிலேயே படம் எடுக்க வேண்டும். அணைந்திருந்தால் அப்படியே இயக்கக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, உறையில் போட்டு, சீல் வைக்க வேண்டும். ஆய்வகத்தில் அதில் ஒரு எழுத்துகூட மாறாதபடி தடுக்கும் கருவி வழியாக நகல் எடுக்க வேண்டும். நகலும் அசலும் ஒன்றுதான் என்று காட்ட நீளமான ஒரு அடையாள எண் வரும், அது பொருந்த வேண்டும். அதற்குப் பிறகு நகலில் மட்டும்தான் வேலை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கையெழுத்து. உங்கள் ஹார்ட் டிஸ்க் ஏழு கை மாறியது. ஏழு கையெழுத்தும் இருக்கின்றன. அறுபத்து நான்கு எழுத்து எண் கடைசி எழுத்துவரை பொருந்தியது. ஜட்ஜ் ஆசையாக எழுதிக்கொண்டது அதைத்தான்.

நடுவில் ஒரு வேலை உண்டு. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிய பிறகு, வெறும் கணினியை ஒருமுறை இயக்கி, அதன் கடிகாரம் காட்டும் மணியையும் உண்மையான மணியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். ஐந்து நிமிட வேலை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம், ‘கடிகார வித்தியாசம்’ என்று.

நான் பார்க்கவில்லை. பார்க்காமல் அந்தக் கட்டத்தில் 0 என்று போட்டேன்.

எங்கள் ஆய்வகத்தில் காலிக் கட்டம் கூடாது. காலியாக விட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதில் விரலை விட்டு ஆட்டுவார். ‘பார்க்கவில்லை’ என்று எழுதினால் இன்னும் மோசம். பூஜ்யம் போட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் படித்துக்கொள்கிற பாடம் இது.

அன்று எனக்கு ரொம்ப அவசரம். வேறு இடத்திலும் வேலை இருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை.

அந்தக் கணினியை வழக்கு முடிந்ததும் ஆஸ்பத்திரிக்காரர்கள் பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டார்கள். இனி யாரும் போய்ப் பார்க்க முடியாது.

என்ன செய்வது என்று தெரியவில்லை, அக்கா.

பரிசோதகர்


ஏப்ரல் 9

மேடம்,

தாள் பதினேழு வந்தது. மூன்று வழியில் தொலைந்துவிட்டது. ஏழு கையெழுத்து வாங்கியிருந்தால் தொலைந்திருக்காது.

என்னை அக்கா என்று கூப்பிடாதீர்கள். அப்படிக் கூப்பிட ஒருத்தி இருக்கிறாள், மாதாமாதம் மூன்று பஸ் மாறி வந்து கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். நீங்கள் தாள் அனுப்பினால் சொந்தமாகிவிட முடியாது.

இங்கே புதிதாக வருகிறவர்கள் என்ன கேஸ் என்று கேட்பார்கள். நான் சொல்கிறதை அப்படியே உங்களுக்கும் எழுதுகிறேன், கோப்பில் வேறு மாதிரி இருக்கும். தையல் ஆலையில் வேலை பார்த்த பெண், இருபத்திரண்டு வயது. மயக்கம் என்று கூட்டிவந்தார்கள். டாக்டர் சீட்டில் மருந்து பத்து என்று எழுதினார். நான் பத்து என்று ஏற்றினேன். நர்ஸ் பத்து போட்டார். போட வேண்டியது ஒன்று. ஒரு மணி நேரத்தில் பெண் போய்விட்டாள். அதன் பிறகு யாரோ என் பெயரில் பத்தை ஒன்றாகத் திருத்தியிருக்கிறார்கள். டாக்டர் எழுதிய சீட்டைக் காணோம். டாக்டர் ஒன்று என்றுதான் எழுதினார், நான் கண்ணை மூடிக்கொண்டு பத்து என்று ஏற்றிவிட்டு, பெண் செத்ததும் பயந்துபோய் 1.38க்குத் திருத்தினேன் என்று கோர்ட் சொன்னது. இரண்டு மணிவரை நான்தான் அந்த நாற்காலியில் இருந்தேன், அது ஊருக்கே தெரியும். ஐந்து வருஷம்.

அந்தப் பெண்ணின் அம்மா கோர்ட் வாசலில் என் முகத்தில் காறித் துப்பினாள். நான் துடைக்கவில்லை. என் மகள் செத்திருந்தால் நானும் துப்பியிருப்பேன்.

நீங்கள் போட்ட அந்த வட்டத்துக்குள்தான் நான் இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அவசரம் என்கிறீர்கள். என்ன அவசரம்? ‘வேறு இடத்தில் வேலை’ என்றால் எந்த இடம்? நான் கூண்டில் நின்றபோது ஒரு நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம் கணக்குக் கேட்டார்கள். நீங்களும் சொல்லுங்கள்.

ஜூலை 9 அன்று அப்பீல் விசாரணைக்கு வருகிறது. இந்தத் தடவையும் இலவச வக்கீல்தான், ஆனால் இவர் என் பெயரைச் சரியாகச் சொல்கிறார்.

417


ஏப்ரல் 20

அம்மா,

கணக்குச் சொல்கிறேன்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி சீல் வைத்து முடித்தபோது மணி ஒன்றரை. வேறு இடத்தில் எந்த வேலையும் இல்லை. எனக்குப் பசி. காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "கேண்டீன் மூடிடுவாங்க மேடம், வாங்க, நானே கூட வர்றேன்" என்றார். போனேன். நீங்கள் அன்று போலீஸ் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் உங்களுக்கு எதிரான சாட்சியத்தைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த ஆஸ்பத்திரி நிர்வாகியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆபீஸ் திரும்பும்போது வேனில் வைத்துப் படிவத்தை நிரப்பினேன். 0 போட ஒரு நொடிகூட ஆகவில்லை.

இதோடு முடிந்திருந்தால் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்கலாம். முடியவில்லை.

சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் மதியம் கோப்பு முழுவதையும் படித்தேன். வார்டு நர்ஸின் கைப்பதிவேட்டில், உங்கள் அறையிலிருந்து அச்சடித்த மருந்துச் சீட்டு வந்த நேரம் 12.10 என்று இருந்தது. கணினியில் அதே சீட்டு அச்சான நேரம் 11.20. பக்கத்து அறை. ஒரு தாள் ஐம்பது நிமிஷம் நடந்து போகுமா? கடிகாரம் ஐம்பது நிமிஷம் பின்னால் இருந்தது என்றால் 1.38 உண்மையில் 2.28. நீங்கள் அப்போது பஸ்ஸில்.

கோப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் பிரிவுத் தலைவரிடம் போனேன். அவர் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். பார்க்காத மாதிரி மூடினார். "நர்ஸ் லேட்டா எழுதியிருப்பா" என்றார். நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை சார் என்றேன். அதற்கு அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"பூஜ்யம்னு போட்டது யாரு கை? உன் கைதானே? நாளைக்குப் போய் மாத்திச் சொன்னா இந்த ஒரு கேஸோட நிக்காதும்மா. நீ போட்ட ஒவ்வொரு பூஜ்யத்தையும் தோண்டுவாங்க. என்னோடதையும் சேர்த்து."

மறுநாள் கூண்டில் ஏறினேன். கடிகாரம் சரியாக இருந்ததா என்று அரசு வக்கீல் கேட்டார். சரியாக இருந்தது என்றேன். உங்கள் வக்கீல் குறுக்கு விசாரணை இல்லை என்றார். ஏழு நிமிஷத்தில் இறங்கிவிட்டேன்.

இத்தனை நாள் கழித்து ஏன் எழுதினேன் என்றால், பிப்ரவரியில் எங்கள் துறை ஒரு கையேடு அச்சிட்டது. கைப்பற்றும் படிவத்தை எப்படிக் குறையில்லாமல் நிரப்ப வேண்டும் என்பதற்கு மாதிரியாக ஒரு படிவம் அதில் இருக்கிறது. நான் நிரப்பியது. உங்கள் வழக்கு. உங்கள் பெயர்மேல் மட்டும் கறுப்பு மை பூசியிருக்கிறார்கள். பூஜ்யம் பளிச்சென்று தெரிகிறது.

அப்பீலில் நான் சத்தியப் பிரமாணத்தோடு வாக்குமூலம் கொடுக்கலாம். வேலை போகும். பொய்ச்சாட்சி வழக்கும் வரலாம். அதை நான் யோசித்துக்கொள்கிறேன். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்டே ஆக வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் முன் கணினியில் உங்கள் கணக்கை மூடி, லாக்-அவுட் செய்துவிட்டுத்தான் போனதாகக் கோர்ட்டில் சொன்னீர்கள். உங்களுக்கு அடுத்த ஷிப்ட் பெண்ணும் அதையே சொன்னார். கணினியில் அப்படி மூடிய தடயம் இல்லை. காலையில் திறந்தது மாலைவரை திறந்தே இருக்கிறது. நான் 2.28 என்று சொன்னாலும், அரசு வக்கீல் இதைப் பிடித்துக்கொள்வார்.

பரிசோதகர்


மே 5

மேடம்,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் கிழித்துப்போட வேண்டும் என்றே இருந்தது. சாப்பிட்டீர்கள், சரி. என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதவில்லையே, அதுவரைக்கும் புண்ணியம்.

பிறகு கடைசிப் பத்தியையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

மூடவில்லை. நான் சொன்னது பொய்.

பதிவு அறையில் மூன்று பேருக்கும் ஒரே கணக்குதான், மேடம். என் பெயரில். ஆளுக்கொரு கணக்கு கொடுக்க நிர்வாகத்துக்கு மனசு வரவில்லை. நான் மட்டும்தான் நிரந்தரம், மற்ற இரண்டு பேரும் ஒப்பந்தக்காரர்கள், ஆறு மாதத்தில் போகிறவர்களுக்கு எதற்கு என்றார்கள். பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் நானே ஒட்டி வைத்தேன். ஆனால் சுவரில் பெரிதாக ஒரு அறிவிப்பு தொங்கும்: கணக்கைப் பகிர்ந்தால் உடனடி வேலை நீக்கம். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் பகிர்ந்துகொண்டிருந்தோம். அறிவிப்பை மாட்டியவருக்கும் அது தெரியும்.

போலீஸ் கேட்டபோது வேலை போய்விடுமே என்று பயந்து, மூடிவிட்டேன் என்றேன். ஜெயில் வரும் என்று அப்போது தெரியாது. ஒருதடவை சொன்னதைக் கடைசிவரை சொல்ல வேண்டியதாயிற்று. நீங்களும் வேலைக்குப் பயந்து பொய் சொன்னீர்கள், நானும் வேலைக்குப் பயந்து பொய் சொன்னேன். இரண்டும் பூட்டும் சாவியும் மாதிரி பொருந்திக்கொண்டது. உங்களைத் திட்ட எடுத்த வாயை மூட வேண்டியிருக்கிறது, அதுதான் எரிச்சல்.

இப்போது கேளுங்கள். இரண்டு மணிக்கு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவளை நாங்கள் பூனை என்று கூப்பிடுவோம். நடக்கிற சத்தமே கேட்காது. நான் எழுதினேனே, மூன்று பஸ் மாறி வருகிறவள் என்று, அவள்தான். எனக்காகக் கோர்ட்டில் பொய் சொன்னவளும் அவள்தான். நீங்கள் 2.28 என்று சொன்ன அடுத்த நிமிஷம் என் கழுத்திலிருக்கிற கயிற்றைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டுவார்கள். டாக்டர் பக்கம் யாராவது திரும்புவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? கயிறு எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளைத்தான் தேடும். நின்றுகொண்டு உத்தரவு போடுகிறவர்களின் கழுத்து அதற்கு எட்டுவதே இல்லை.

எனக்கு இன்னும் இரண்டரை வருஷம். முடித்துவிடுவேன். அவளுக்கு மூன்று வயதில் குழந்தை.

வாக்குமூலம் வேண்டாம். விட்டுவிடுங்கள்.

417


மே 16

அம்மா,

உங்கள் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. நான் ஆறாம் தேதியே உங்கள் வக்கீலிடம் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீங்கள் வேண்டாம் என்பீர்கள், அதைச் சாக்காக வைத்து நான் தப்பித்துக்கொள்வேன் என்று பயமாக இருந்தது.

திரும்பப் பெற மாட்டேன். பெற்றால் இதுவும் இன்னொரு பூஜ்யம்.

ஆறு வருஷத்தில் நான் நிரப்பிய படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் உண்மையாகவே கடிகாரத்தைப் பார்த்தது எது, பார்க்காமல் போட்டது எது என்று பிரித்தேன். எனக்கு எப்படித் தெரியும் என்றால், பார்த்தபோதெல்லாம் இரண்டு நிமிஷம், நாற்பது நொடி என்று ஏதாவது ஒரு வித்தியாசம் இருந்திருக்கிறது. எந்தக் கடிகாரமும் நொடி பிசகாமல் ஓடாது. பூஜ்யம் என்று போட்டிருந்தாலே பார்க்கவில்லை என்று அர்த்தம். அறுபத்தொன்று. உங்களுடையது முப்பத்தெட்டாவது. பட்டியலையும் வாக்குமூலத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

பிரிவுத் தலைவர் என்னோடு பேசுவதில்லை. மற்றவர்கள் பேசுகிறார்கள், நான் அறைக்குள் வந்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள்.

உங்கள் தோழியைப் பற்றி. எங்கள் அறிக்கைகளில் கட்டாயம் எழுத வேண்டிய ஒரு வரி உண்டு: கணினி ஒரு பெயரைத்தான் காட்டும், அந்த நேரத்தில் விசையைத் தொட்டது யார் விரல் என்று காட்டாது. உங்கள் அறிக்கையில் அதை நான் எழுதவில்லை. எழுதினால் அறிக்கை வலுவிழக்கும் என்று தலைவர் அடித்துவிட்டார், நானும் சரி என்றேன். இப்போது வாக்குமூலத்தில் முதல் வரியே அதுதான். உங்கள் பெயர் எப்படி உங்களைக் குற்றவாளியாக்காதோ, அந்த நாற்காலி அவரையும் ஆக்காது. ஆனால் அந்த அறையில் என்ன நடந்தது என்று அவர்தான் சொல்ல முடியும். ஹார்ட் டிஸ்க்கில் அது இல்லை.

உங்கள் பொய்யை நான் யாரிடமும் சொல்லவில்லை. அது உங்களுடையது.

பரிசோதகர்


ஜூன் 3

மேடம்,

என்னைக் கேட்காமல் என்னை உள்ளே போட்டீர்கள், என்னைக் கேட்காமல் வெளியே எடுக்கிறீர்கள். நல்ல பழக்கம்.

நேற்று பூனை வந்தாள். வலைக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ரகசியம் பேச அதைவிட நல்ல இடம் கிடையாது. உங்கள் விஷயத்தை, ஐம்பது நிமிஷத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

அப்புறம் சொன்னாள். "அந்தச் சீட்டு எழுதுன பெரிய டாக்டர்தான் வந்தாருக்கா. 'கொஞ்சம் எந்திரிம்மா, ஒண்ணு பார்க்கணும்'னாரு. எந்திரிச்சேன். அவர் சொன்னா எந்திரிக்காம இருக்க முடியுமா? அடுத்த ரூம்ல போய் பழைய ஃபைல் ஒண்ணு எடுத்துட்டு வரச் சொன்னாரு. வந்து பார்த்தா ஆளக் காணோம். மெஷின் உன் பேர்லயே இருந்துச்சு. நான் ஒண்ணும் நினைக்கலை."

உன்னைப் பிடித்தபோது புரிந்தது, வாயைத் திறந்தால் என்னையும் சேர்த்துப் பிடிப்பார்கள் என்று பயந்துவிட்டேன் என்றாள். மாதாமாதம் மூன்று பஸ் மாறி என்னைப் பார்க்க வந்தது பாசத்தால் மட்டும் இல்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவளுக்கும் அது தெரிந்தது. இரண்டு பேரும் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் குழந்தை வலை ஓட்டையில் விரலை விட்டு என் மூக்கைத் தொடப் பார்த்தது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டு எப்படித் திட்டுவது?

நீ சொல்லாதே, உனக்குக் குழந்தை இருக்கிறது என்றேன். அதற்கு அவள், "உனக்கு மட்டும் இல்லையா?" என்றாள்.

வக்கீலிடம் போய்ச் சொல்லப்போகிறாளாம். போவாளோ மாட்டாளோ, தெரியாது. ஆனால் நான் இன்று காலை வக்கீலுக்கு எழுதிவிட்டேன்: கணக்கை மூடவில்லை, மூன்று பேரும் பகிர்ந்துகொண்டோம், நான் கோர்ட்டில் பொய் சொன்னேன் என்று. மகளுக்கும் எழுதினேன். பொய் சொல்லக் கூடாது என்று அவளை ஒருதடவை வாசலில் நிற்க வைத்தது நினைவுக்கு வந்து, அந்தக் கடிதம் எழுதத்தான் அதிக நேரமாயிற்று. நீங்கள் அனுப்பிய தாளில் நாலு வீணாகிவிட்டது.

417


ஜூலை 2

அம்மா,

நேற்று என்னை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். மேசையைக் காலி செய்தேன். கையேட்டிலிருந்து அந்த மாதிரிப் படிவத்தை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள்.

அங்கே வேலை பார்த்தவரைக்கும் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. அதன் மேல் ஒற்றைக் கோடுதான் போடலாம், கீழே இருக்கும் தப்பு படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். என் 0 மீது அப்படி ஒரு கோடு போட வேண்டும் என்று ஆசை. அந்தத் தாள் கோர்ட்டில் இருக்கிறது, தொட முடியாது.

ஒன்பதாம் தேதி என்னைக் கூண்டில் ஏற்றுவார்கள். இந்தத் தடவை குறுக்கு விசாரணை இருக்கும். பயமாக இருக்கிறது. என்னைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் வேறு பக்கம் பாருங்கள்.

பரிசோதகர்


ஜூலை 28

தங்கச்சிக்கு,

இப்படி எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘மேடம்’ என்று எழுத இப்போது கை வரவில்லை, அவ்வளவுதான். உங்களுக்குத்தான் இப்போது வேலையே இல்லையே.

தம்பி வீட்டிலிருந்து எழுதுகிறேன். தண்டனையை ரத்து செய்து, வழக்கை முதலிலிருந்து விசாரிக்கச் சொல்லிவிட்டார்கள், ஜாமீனும் கொடுத்துவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று கோர்ட்டில் நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரம் உங்களை நிற்க வைத்து உரித்தார்கள். ‘அப்படியானால் நீங்கள் பொய்க்காரி’ என்று அரசு வக்கீல் சொன்னார், நீங்கள் ‘ஆமாம்’ என்றீர்கள். போன தடவை ஏழு நிமிஷம். நீங்கள் படுகிறதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பாதிதான் இருந்தது.

பூனை வந்து சொல்லிவிட்டாள். இப்போது அவளைத் தினமும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். டாக்டர் வெளிநாட்டில் ஏதோ மாநாட்டில் இருக்கிறாராம். வந்ததும் விசாரிப்பார்களாம். செத்துப்போன பெண்ணின் அம்மா கோர்ட் வாசலில் என்னைப் பார்த்தாள். துப்பவில்லை. இனி யாரைப் பார்த்துத் துப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

மகள் என்னைவிட உயரமாகிவிட்டாள் போலிருக்கிறது. பக்கத்தில் நிற்க மாட்டேன் என்கிறாள், அளந்து பார்க்க முடியவில்லை. இன்று காலை தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "நிஜமாவே மூடலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சரி, சாப்பிடு" என்றாள்.

விடுதலை ஆகும்போது ஒரு பெரிய பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். வாங்கிக்கொண்ட சாமான், நாள், மணி, எல்லாவற்றுக்கும் கட்டம். கடைசிக் கட்டம், ‘சிறையில் இருந்த காலத்தில் குறைகள்’. அதில் நான் வருவதற்கு முன்பே ‘இல்லை’ என்று எழுதி வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் அப்படித்தான், பக்கம் முழுக்க இல்லை, இல்லை, இல்லை. கையெழுத்துப் போட்டால் போய்விடலாம். வெளியே தம்பி நிற்கிறான்.

பேனாவை வாங்கி அந்த ‘இல்லை’ மீது ஒற்றைக் கோடு போட்டேன், கீழே தெரிகிற மாதிரி. பக்கத்தில் ‘என்னைக் கேட்கவில்லை’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன். கிளார்க் அலறிப்போய் எழுந்துவிட்டார். "என்னம்மா இது, போற நேரத்துல?" என்றார். இதுதான் முறை சார், தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள் என்றேன். பெரிய அதிகாரியைக் கூப்பிட்டு, பேசி, அந்த வரியோடு என்னை வெளியே விட ஒன்றரை மணி நேரமாயிற்று. இரண்டு வருஷம் எட்டு மாதத்தில் நான் சொந்த விருப்பத்தில் இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றிலும் ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இருக்கிறது. மன்னித்தேனா என்று. நானும் பல தாள்களில் எழுதிப் பார்த்தேன். இரண்டு பதிலும் பார்க்காமல் போடுகிற பூஜ்யம் மாதிரியே இருக்கிறது.

அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன். நீங்களும் நிரப்ப வேண்டாம்.

மீதித் தாள் எட்டு என்னிடம் இருக்கிறது.

பதிவு அறைக்காரி